இருபத்தொரு நாளும் மூன்று மாதமும்

புஸ்பம்: …ஐப்பசி பிறந்தால் இந்த வாவிக்கு வேறொரு முகம், ஷஸ்னா. வெயில் தணிந்து, வடகீழ்த் திசையிலே கருமுகில் திரள, நீர் தன் நிறத்தை மறந்து நிற்கும். கொக்கும் குரல் எடுக்காது. விதைத்த வயல் வட்டைகள் எல்லாம் வானத்தை நோக்கிக் கிடக்கும். பெரியதொரு பூசைக்கு முன்னே ஊர் முழுவதும் மூச்சை அடக்கி நிற்பது போல…

ஷஸ்னா: டீச்சர்.

புஸ்பம்: கல்லடிப் பாலத்தில் நின்று நோக்கினால்…

ஷஸ்னா: புஸ்பம் டீச்சர். உங்களுக்குச் சீனி வருத்தம் இரிக்கா எண்டு மூண்டு தரம் கேட்டிட்டன். நீங்க மழைக்குப் போயிட்டீங்க.

புஸ்பம்: மழையும் இறைவன் தருவதுதானே.

ஷஸ்னா: நீங்க செந்தமிழுக்குப் போனா என்னமோ ஒளிக்கிறீங்க எண்டு அர்த்தம். ஆறு வருசமா இந்த லேப்பில உங்கட கையில ஊசி குத்துறன், எனக்குத் தெரியாதா?

புஸ்பம்: ஒளிக்க என்ன கிடக்கு? ரிப்போட்டைத் தா பிள்ள. வெறும் வயித்துச் சீனி எவ்வளவு?

ஷஸ்னா: தொண்ணூத்தாறு.

புஸ்பம்: பாத்தியா. அம்பாள் இரிக்கிறா. அப்பிடியே கண்டி ஆசுபத்திரிக்கு அனுப்பு. தம்பிக்குச் சிறுநீரகம் குடுக்க நான் சரியான ஆள்தான் எண்டு அவங்களும் அறியட்டும்.

ஷஸ்னா: பொறுங்க. மற்றச் சோதனை கிடக்கு.

புஸ்பம்: எந்த மற்றது?

ஷஸ்னா: புது மிசினில போட்டது. மூண்டு மாசச் சீனி. ஆறுக்குள்ள நிக்கோணும். உங்களுக்கு ஒன்பது தசம் ஒண்டு.

புஸ்பம்: அது வேற ஆக்கள்ட ரத்தம்.

ஷஸ்னா: உங்கட கண்ணுக்கு முன்னாலதான் குழாயில பேர் ஒட்டினன்.

புஸ்பம்: நீ ரத்தம் எடுத்து நான் பஞ்சை எறியவும் இல்ல, அதுக்குள்ள ரிப்போட்டா?

ஷஸ்னா: எட்டு நிமிசம்.

புஸ்பம்: முந்தி கொழும்புக்கு அனுப்பினா ரெண்டு கிழமை எடுத்த. ரெண்டு கிழமை ஆறுதலாப் பாத்துச் சொன்னதை இது எட்டு நிமிசத்தில சொல்லுதெண்டா, பாக்காமச் சொல்லுது.

ஷஸ்னா: யா அல்லாஹ்… அந்த ரெண்டு கிழமையும் ரத்தம் ஐஸ் பெட்டிக்குள்ள பஸ்ஸில கிடந்த, டீச்சர். ஆரும் குந்தியிருந்து பாக்கல்ல. விடியத்தில இருந்து இதே கதை. ஏறாவூரால வந்த ஒரு வாப்பா, கெதியா வந்த ரிப்போட் வேணாம் எண்டு வைச்சிட்டுப் போயிட்டார். காத்தான்குடிப் பொம்புளைகள் ரெண்டு பேர் வெறும் வயித்தோட வந்து மயங்கப் பாத்தாங்க. இதுக்குச் சாப்பிட்டுட்டு வரலாம் எண்டு கதவில பெரிசா ஒட்டிக் கிடக்கு. வாசிக்கிற ஆக்கள் இல்ல. டொக்டர்மாரும் கைப் பழக்கத்தில பழைய சோதனையைத்தான் எழுதுறாங்க. மிசின் வந்து நாலு மாசம். மிசினுக்கு ஒண்டுமில்ல, எனக்குத்தான் தலையிடி.

புஸ்பம்: எனக்கு ரத்தம் குறைவு. ரத்தம் குறைஞ்சா அது பிழையாக் காட்டுமாம்.

ஷஸ்னா: அதையும் பாத்தன். உங்களுக்கு ரத்தம் காணும், குறைவில்ல. மறுகா திரும்பவும் ஒருக்காப் போட்டன். அதே ஒன்பது தசம் ஒண்டு.

புஸ்பம்: தொண்ணூத்தாறும் உண்மை, ஒன்பதும் உண்மையா? ரெண்டும் எப்பிடி ஒரு உடம்பில இரிக்கும்?

ஷஸ்னா: இப்ப நான் கேக்கிறன், நீங்க சொல்லுங்க. கேதார கௌரி விரதம் எப்ப முடிஞ்ச?

புஸ்பம்: முந்தநாள் கோயிலில காப்புக் கட்டினன்.

ஷஸ்னா: இருபத்தொரு நாளும் ஒரு நேரச் சாப்பாடு.

புஸ்பம்: இருபது நாள் ஒரு நேரம். கடைசி நாள் தண்ணியும் இல்ல.

ஷஸ்னா: போன வருசம் எப்ப வந்து ரத்தம் குடுத்தீங்க?

புஸ்பம்: …ஐப்பசியில.

ஷஸ்னா: அதுக்கு முந்தின வருசம்?

புஸ்பம்: நல்ல நாள் பாத்துக் குடுக்கிறதும் குற்றமா?

ஷஸ்னா: வருசா வருசம் காப்புக் கட்டின கையோடதான் வாறீங்க. மற்ற மாசங்களில உங்கட கார்ட்டில ஒரு சோதனையும் இல்ல. பழைய சோதனை நேத்து என்ன சாப்பிட்டீங்க எண்டுதான் கேக்கும். இது மூண்டு மாசத்தைக் கேக்கும். விரதத்துக்கு முன்னால ஆவணியில சாப்பிட்ட சக்கரைப் பொங்கலையும் சேத்துக் கேக்கும்.

புஸ்பம்: பிரசாதத்தையும் விசாரிக்கிற மிசின் என்ன மிசின்?

ஷஸ்னா: நோன்பு முடிய எங்கட ஆக்களும் இதைத்தான் செய்ற. என்ட மாமி பெருநாளைக்கு முதல் நாள் வந்து ரத்தம் குடுப்பா. நல்ல ரிப்போட்டை மடியில வைச்சுக்கொண்டு மறுநாள் இனிக்க இனிக்க வட்டிலப்பம் தின்பா.

புஸ்பம்: இஞ்ச பார் ஷஸ்னா. வளைச்சுக் கதைக்கல்ல. புதுச் சோதனையை விடு. தொண்ணூத்தாறை மட்டும் அனுப்பு.

ஷஸ்னா: ஏலாது.

புஸ்பம்: தம்பி லக்ஷன் கிழமையில ரெண்டு நாள் இஞ்ச மேல்மாடியில ரத்தம் கழுவக் கிடக்கிறான். முப்பத்தாறு வயசு. அம்மா போகக்குள்ள அவனுக்கு நாலு. என்ட இடுப்பில வளந்த புள்ள. சொந்தத்தில எட்டுப் பேரைச் சோதிச்சாங்க. பொருந்தின ஆள் நான் மட்டும்தான்.

ஷஸ்னா: தெரியும் டீச்சர்.

புஸ்பம்: தெரிஞ்சுமா ஏலாது எண்டு…

ஷஸ்னா: தெரிஞ்சுதான் சொல்றன். உங்களிட்ட ஒண்டை எடுத்தா மிச்சம் ஒண்டுதான். சீனி அதையும் தின்னும். மறுகா மேல்மாடியில அக்காக்கும் தம்பிக்கும் ரெண்டு கட்டில்.

புஸ்பம்: அது என்ட பாடு.

ஷஸ்னா: விட நினைச்சாலும் என்ட கையில இல்ல. மிசின் முடிச்ச உடன ரிப்போட் நேரே கிளினிக் கம்பியூட்டருக்குப் போயிரும். முந்தின மாதிரி கடதாசி எண்டா நீங்க என்னைக் கெஞ்சிப் பாக்கலாம்.

புஸ்பம்: கடதாசிக்கு இரக்கம் இருந்த.

ஷஸ்னா: அந்த இரக்கத்தாலதான் எத்தின பேருக்குக் காலை எடுத்தாங்க. கோவிக்காதீங்க. விடியத்தில இருந்து கத்திக் கத்தி எனக்கும் நாக்குக் கசந்திட்டு… இந்தாங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க.

புஸ்பம்: எனக்குத் தெரியும்.

ஷஸ்னா: என்ன தெரியும்?

புஸ்பம்: சீனி வருத்தம். ஒண்டரை வருசமாத் தெரியும். தெரிஞ்ச முகம் இல்லாத ஊராப் பாத்து, அம்பாறையில ஒரு டொக்டரிட்டக் காட்டினன். முந்தியெல்லாம் நல்ல நாள் எண்டுதான் ஐப்பசியில வந்தனான். போன வருசமும் இந்த வருசமும்… வேணுமெண்டுதான் வந்தன். அவர் எழுதித் தந்த சீனிக் குளிசையும் போடுறன்.

ஷஸ்னா: விரதத்தோட குளிசையா? தலை சுத்தி விழுந்து கிடந்தா ஆர் பாக்கிற?

புஸ்பம்: விரதம் அம்பாளுக்கு. குளிசை உங்கட சோதனைக்கு.

ஷஸ்னா: …நல்ல பங்கீடு. இதை டொக்டரிட்டச் சொல்லுவீங்களா, நான் சொல்லவா?

புஸ்பம்: நானே சொல்றன். கிழக்கு எந்தப் பக்கம்?

ஷஸ்னா: அந்த ஜன்னல் பக்கம். வாவி தெரியுதே. என்னத்துக்கு?

புஸ்பம்: ஒரு பதிகம். சத்தமில்லாம.

ஷஸ்னா: நில்லுங்க… அந்த ஊசிப் பெட்டியைத் தள்ளி வைக்கிறன். ம், இப்ப நில்லுங்க. நான் கதவைச் சாத்துறன். ஒருத்தரும் வரமாட்டாங்க.

புஸ்பம்: …

ஷஸ்னா: …

புஸ்பம்: முடிஞ்ச, பிள்ள. கதவைத் திற.

ஷஸ்னா: என்ன கேட்டீங்க?

புஸ்பம்: ரெண்டு கேட்டன். அவன் பிழைக்கோணும். மற்றது… நான் ஒளிச்சது அவனுக்குத் தெரிய வரப்படாது. என்னாலதானே அக்கா பொய் சொன்ன எண்டு உடைஞ்சு போவான்.

ஷஸ்னா: முதலாவதுக்கு ஆமீன். மற்றதுக்கு ஆமீன் சொல்ல எனக்கு ஏலாது, டீச்சர். உங்கட சாமியறையில விபூதி எடுக்கப் போய், பெட்டிக்கு அடியில குளிசை மட்டையைக் கண்டிரிக்கார் லக்ஷன். ‘அக்கா விரதம் முடிச்சிட்டு வருவா, பழைய சோதனையில தப்பிருவா, புதுசையும் எழுதுங்க’ எண்டு போன கிழமை டொக்டரிட்ட நிண்டு கேட்டு வாங்கின ஆள் அவர்தான். உங்களுக்குச் சொல்லமாட்டன் எண்டு நான் வாக்குக் குடுத்தனான்… மேல போங்க, இண்டைக்கு அவர்ட நாள். அல்லாஹ் உங்க ரெண்டு பேரையும் ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டு வைக்கட்டும்.