சத்தம் வராத கார்

விடிவதற்கு முந்திய இருட்டு. கொல்லிமலைச் சாலை. ஒரே ஒரு கார் ஏறிக்கொண்டிருந்தது...

தட்டச்சு வகுப்பில் கரண்ட் போய், நாங்கள் ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தபோது தவ்பீக் இப்படித்தான் ஆரம்பித்தான். அவன் சிநேகிதன் பிலாலின் மாமாவுக்கு நடந்ததாம். நான் எதையும் கூட்டி எழுதவில்லை என்றே நினைக்கிறேன்.

மாமா பெயர் ஷேக் பரீத். சேந்தமங்கலத்தில் மிளகு வியாபாரி. 2003-இல் பழைய ஜீப்பை விற்றுவிட்டுப் புது டீசல் கார் வாங்கினார். புகை இல்லை. உதறல் இல்லை. சத்தமே இல்லை. மூட்டைகளோடு கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரிலேயே ஏறியது.

"டீசல் வண்டியா? கரண்ட் வர்ற வரைக்கும் புளுகு," என்றாள் கூடப் படிக்கும் ஷாஹிஸ்தா.

"நம்பாட்டிப் போ," என்றான் தவ்பீக்.

மலையில் வண்டி வருவதைக் காதால்தான் தெரிந்துகொள்வார்கள். இரண்டு வளைவு கீழே ஜீப் உறுமினாலே ஒதுங்கிவிடுவார்கள். அன்று விடியுமுன் பாவாயி என்ற பெண் தலையில் பலாப்பழத்தோடு நடுரோட்டில் இறங்கி வந்தாள். வளைவு வெளிச்சத்தை மறைத்தது; அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

கார் மோதிப் பள்ளத்தில் விழுந்தவள் உயிரோடுதான் கிடந்தாள். கூப்பிட்டாள்... மாமா வீட்டில் சொன்னது இது: "கண்ணாடிய ஏத்திட்டுக் கெளம்பிட்டேன். அப்புறம் ஒரு சத்தமில்ல. அப்படியாப்பட்ட வண்டி."

ஊரார் தேடிக் கண்டெடுத்தபோது பாவாயிக்கு உயிரில்லை.

மறுவாரம் ஒரு வளைவில் எதிரே வந்த லாரி உரசுவதுபோல் நின்றது. டிரைவர் காளியண்ணன் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "ஏனுங்க பாய், ஹாரன் அடிக்க மாட்டீங்களா?"

மாமா அடித்துக்கொண்டேதான் வந்தார். காருக்குள் காது கிழிந்தது. வெளியே... ஒன்றுமில்லை.

அதற்கடுத்த பயணத்தில், பாவாயி விழுந்த அதே இடத்தில், விடிகாலைப் பனிமூட்டத்தில் காரும் பள்ளத்தில் இறங்கியது. ஈர மண் வாசம். டீசல் நாற்றம். முதலில் வந்து பார்த்தது காளியண்ணன்தான். பிலாலிடம் அவரே சொன்னாராம்:

"மேல இருந்து டார்ச் அடிச்சுப் பாத்தோமுங்க. வாய் ஆன்னு தொறந்திருந்துச்சு. மூடி மூடித் தொறந்தாப்புலகூட இருந்துச்சு... எல நெழலு ஆடுதுன்னு விட்டுட்டோம். ஒரு மொனகல் இல்லீங்களே. போயிட்டாரு, கயிறு வரட்டும்னு பீடியப் பத்தவெச்சு உக்காந்துட்டோமுங்க."

கயிறு வர மத்தியானம் ஆயிற்று. இறங்கித் தூக்கினார்கள்.

கத்திக் கத்தி ஓய்ந்தவர்போல் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. உடம்பில் சூடு இன்னும் ஆறவில்லை.