அட்டையில் போட்ட தேதி

பெயர்: ஜாய்சன். வயது: 36. தகப்பனார் பெயர்: காலஞ்சென்ற தேவநேசன். தொழில்: வாகன உதிரிபாகக் கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவில் எழுத்தர். இருப்பிடம்: ராஜகீழ்ப்பாக்கம்.

நான் மேற்படி இடத்தில் என் மனைவி ஜெரூஷாவுடனும் என் தாயார் மெட்டில்டாவுடனும் குடியிருந்து வந்தேன். என் தாயார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 67. நான் தேதி மாற்றிய மரண அறிவிப்பு அட்டையைக் காட்டி விடுப்பு எடுத்ததாக எங்கள் கம்பெனி மேலாளர் துரை கொடுத்த மனு சம்பந்தமாக, இன்று காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொல்வதாவது.

என் தாயார் சிறுநீரகக் கோளாறால் மே மாதம் முதல் தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தார். என்னுடைய ஈட்டிய விடுப்பு, தற்செயல் விடுப்பு எல்லாம் அதிலேயே தீர்ந்துவிட்டன. ஜூன் மாதம் 9ஆம் தேதி திங்கட்கிழமை நான் அரை நாள் பர்மிஷனில் போயிருந்தபோது, மதியம் 2.40 மணிக்கு அவர் இறந்துவிட்டார். அப்போது நான் அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்து உறையில் போட்டேன்.

அதன் பிறகு குவைத்தில் வேலை செய்யும் என் அண்ணன் ஃபிரெடிக்குப் போன் செய்தேன். அவர், “இங்க கம்பெனியில கையெழுத்து வாங்கணும்டா. சனிக்கிழமைக்கு முன்னாடி வர முடியாது. எனக்காக அம்மாவ வச்சிருங்க” என்றார். ஆகவே உடலை அந்த மருத்துவமனைப் பிணவறையிலேயே வைத்து, 14ஆம் தேதி சனிக்கிழமை மாலை அடக்கம் என்று முடிவு செய்தோம்.

அதன் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, செல்போனில் கம்பெனி ஆப்பைத் திறந்து இறப்பு விடுப்பு என்பதை அழுத்தினேன். அது இறந்த தேதியை மட்டும் கேட்டது. 9 என்று போட்டதும் 9, 10, 11 என்று மூன்று நாட்களைத் தானாகவே காட்டியது. அடக்கம் என்றைக்கு என்று அது கேட்கவில்லை. சம்பளமில்லாமல் போகலாம் என்றால், ஆடிட் முடியும்வரை யாருக்கும் அது கிடையாது என்று துரை சார் முந்தின வாரமே அறிவித்திருந்தார். நான் ஒப்பந்தத்தில் இருப்பவன். சொல்லாமல் நின்றால் ஒப்பந்தம் முடிந்தது. பெற்ற தாயின் பெட்டியைத் தூக்க வேண்டிய அன்று நான் கிடங்கில் நிற்க வேண்டிவரும் என்று பட்டது. அனுப்பாமல் ஆப்பை மூடிவிட்டேன்.

அதன் பிறகு 10, 11, 12 ஆகிய மூன்று நாளும் வேலைக்குப் போனேன். அடக்க நேரம் முடிவானால்தான் எங்களில் அட்டை அடிப்பது வழக்கம் என்பதால், அட்டை இன்னும் வராததைச் சொந்தக்காரர்கள் யாரும் சந்தேகப்படவில்லை. வருகைப் பதிவில் என் கைரேகை இருக்கிறது. அந்த மூன்று நாளில் 214 பெட்டிகள் அனுப்பினேன். ஒன்றுகூட மாறிப் போகவில்லை. எனக்கு ஒன்றுமே தோன்றாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது.

12ஆம் தேதி, பக்கத்து மேசையில் இருக்கும் தீனா, “இன்னா ஜாய்சா, அம்மாவுக்கு இப்ப எப்டி கீது?” என்று கேட்டான். “பரவால்ல, தூங்கினு இருக்காங்க” என்றேன். அவன் ஒரு பை சாத்துக்குடி கொடுத்து, “ஜூஸ் போட்டு குட்றா” என்றான். நான் வாங்கிக்கொண்டேன். வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டாம் மாடி வார்டு வரைக்கும் ஏறிவிட்டேன். அம்மாவின் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். அம்மா இறந்த நேரத்தில் டயாலிசிஸுக்குப் போயிருந்த பக்கத்துக் கட்டில் கிளியம்மாள், “அம்மா வூட்டுக்குப் பூட்டாங்களாப்பா? எங்கைல சொல்லிக்கவே இல்ல” என்றார். ஆமாம் என்று சொல்லி, சாத்துக்குடியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் உள்ள அச்சகத்தில் அட்டைக்குக் கொடுக்கும்போது, இறந்த தேதி ஜூன் 13 என்று எழுதிக் கொடுத்தேன். இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜெரூஷா மட்டும், “அம்மா செத்த தேதியக்கூடவா அட்ஜஸ்ட் பண்ணுவீங்க?” என்று கேட்டாள். 13ஆம் தேதி காலை அட்டையைப் படம் எடுத்து ஆப்பில் போட்டேன். ஞாயிறு நீங்கலாக 13, 14, 16 ஆகிய மூன்று நாள் விடுப்பு கிடைத்தது.

அதன் பிறகு 14ஆம் தேதி அடக்கத்துக்குத் துரை சார் மாலையோடு வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் எங்கள் ஆயர் சபைப் பதிவேட்டைப் பார்த்து, “ஜூன் ஒன்பதாம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்த சகோதரி மெட்டில்டா” என்று வாசித்தார். ஆயரிடம் முன்பே பேசிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. துரை சார் என்னைப் பார்த்தார். பிறகு மாலையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

17ஆம் தேதி வேலைக்குப் போனதும் என்னை இடைநீக்கம் செய்தார்கள். கம்பெனி விசாரணையில் மனிதவளப் பிரிவு அபிகாயில் மேடம், தனியார் வேலையில் இறப்பு விடுப்புக்குச் சட்டம் எதுவும் இல்லை, கம்பெனி எழுதி வைத்ததுதான் என்று சொல்லி, அந்த விதியை என் முன்னால் வைத்தார். அதன் கடைசி வரியில், அடக்கம் தள்ளிப்போனால் மேலாளர் கையெழுத்தோடு அடக்க நாளிலிருந்து எண்ணிக்கொள்ளலாம் என்று இருந்தது. “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஜாய்சன்” என்றார். அந்த வரியை அன்றுதான் பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த மூன்று நாளும் நான் வேலை பார்த்திருப்பேன், ஆனால் அம்மா இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு வேலை பார்த்திருப்பேன்.

தவறை ஒப்புக்கொண்டு ராஜினாமா எழுதிக் கொடுத்தால் மனுவைத் திரும்பப் பெறுவதாகத் துரை சார் சொல்கிறார். தவறை எழுதித் தருகிறேன். ராஜினாமா எழுத என்னால் முடியாது, எனக்கு இந்த வேலை வேண்டும்.

கல்லறைக் கல் பற்றிக் கேட்டதற்குச் சொல்வதாவது: அண்ணன் குவைத்துக்குத் திரும்பும் முன், பெயரும் வசனமும் பார்த்துப் பொறிக்கச் சொல்லி அந்த அட்டையைக் கல் வேலை செய்பவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் தேதியையும் அப்படியே பொறித்துவிட்டார். இறப்புச் சான்றிதழில் 9 என்றும் கல்லில் 13 என்றும் இருக்கிறது. சான்றிதழில் உள்ளதுதான் சரி.

அம்மா இறந்த அன்று நான் அழவில்லை. அதற்கு அடுத்த மூன்று நாளும் அழவில்லை, கண் சிவந்தால் தீனா கேட்பான். 13ஆம் தேதி காலை விடுப்பு அனுமதிக்கப்பட்டது என்று செல்போனில் வந்த பிறகு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கல்லை மாற்றச் சொல்லி அண்ணன் போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் இன்னும் போய்ச் சொல்லவில்லை.

இதில் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. தேதிகள் எல்லாம் இந்த முறை உண்மையானவை.

(ஒப்பம்) தே. ஜாய்சன்
20.08.2025