ஆகஸ்ட் மாசத்துப் பரீட்சை

ஆகஸ்ட்ல மட்டும் கொஞ்சம் மக்கு மாதிரி இருங்கடா, அக்டோபர்ல பொழைச்சுக்கலாம். இப்படித்தாம்மா என் காதுல விழுந்துச்சு. நான் சலவை ரூம்ல துண்டு மடிச்சிட்டிருந்தேன், டீம் ஆளுங்க சுவருக்கு அந்தப் பக்கம். பசங்க எல்லாம் சிரிச்சாங்க. என்னன்னு புரியாம நானும் சிரிச்சேன்.

யாரு சொன்னதா? கோச் ஹாஸ்கல்தான்.

பதறாதீங்கம்மா, உங்க பையன் வெஸ்லி உள்ளதான் இருக்கான். நான் டீனா, காலேஜ் ஃபுட்பால் டீமுக்கு ட்ரெய்னர். பசங்களுக்கு அடிபட்டா பாக்குறது நான்தான். கொஞ்சம் இப்படி வண்டிக்கு மறைவா வந்துருங்களேன். அந்த ஜன்னல்லேந்து பாத்தா நாம நிக்கிறது தெரியும்.

கோச்சக் குறை சொல்ல வரலம்மா. அவரு வந்தப்ப டீம் வரிசையா இருபத்தோரு ஆட்டம் தோத்திருந்துச்சு. டீமையே கலைச்சிடலாம்னு காலேஜ்ல பேசிட்டிருந்தாங்க. இவரு வந்த முதல் நாளே பசங்களோட கக்கூஸ மண்டி போட்டுக் கழுவினாரு. கொஞ்ச நேரத்துல பசங்களும் ஆளுக்கொரு பிரஷ்ஷத் தூக்கிட்டாங்க. பாடத்துல தடுமாறுறவன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, சாப்பாடு போட்டுப் படிக்க வச்சாரு. எனக்கு வேலை குடுத்ததும் அவருதான். இன்னிக்கு ஜெயிச்சா முப்பது வருஷத்துல முதல் கோப்பை.

அவரு கத்தவே மாட்டாரும்மா. எனக்கு அதுதான் பயம்.

ஆகஸ்ட்ல எதுக்கு மக்கு மாதிரி இருக்கணுமா? ஒரு பரீட்சைக்காக. அதுக்குத்தான் வரேன். ஆகஸ்ட்ல பயிற்சிக்கு முன்னாடி ஒவ்வொருத்தனையும் கம்ப்யூட்டர் முன்னால உக்கார வைப்போம். நாலு வார்த்தை, நாலு படம், எவ்வளவு ஞாபகம் வச்சிருக்கான்னு மார்க் போடும். அப்புறம் தலையில அடிபட்டா அதே பரீட்சைய மறுபடி வைப்போம். பழைய மார்க் வந்துட்டா ஆடலாம், குறைஞ்சா வெளிய. ஆகஸ்ட்ல வேணும்னே தப்பாப் போட்டு வச்சிட்டா? மூளை கலங்கினாலும் மார்க் அப்படியே நிக்கும்.

ஆமாம்மா. உங்க பையனும்தான்.

போன சனிக்கிழமை ஹெல்மெட்டோட ஹெல்மெட் மோதித் தலையில அடி வாங்கினான்ல, நீங்க டிவியில பாத்திருப்பீங்க. எந்திரிச்சு நேரா எதிர் டீம் பெஞ்சுல போய் உக்காந்துட்டான். மைதானமே சிரிச்சுச்சு. என்னடா வெஸ்லி, கட்சி மாறிட்டியான்னு கேலி பண்ணாங்க. திங்கக்கிழமை பரீட்சை வச்சேன். ஆகஸ்ட் மார்க்கே வந்துச்சு. அந்த மார்க் பொய்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஆடலாம்னு கையெழுத்துப் போட்டேன்.

திட்டுங்கம்மா. திட்டிட்டுக் கேளுங்க.

நேத்து கோச்கிட்ட போயி, கையெழுத்த வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொன்னேன். அவரு ரொம்ப மெதுவா, நம்பர் பொய் சொல்லாது டீனான்னாரு. நீ களைச்சுப் போயிருக்க, நாளைக்கு லீவு எடுத்துக்கோன்னாரு. என் சாவியையும் வாங்கிக்கிட்டாரு. டீம் டாக்டருக்குப் போன் பண்ணேன். கோச்சும் நீயும் பேசித் தீத்துக்கோங்கன்னு வச்சிட்டாரு.

வியாழக்கிழமை உங்களுக்குப் போன் பண்ணானா? என்ன பேசினான்?

நாய்க்குச் சோறு வச்சாச்சான்னா?

அந்த நாய் செத்துப் போச்சா? எப்ப? வசந்தத்துலயா? ...அதப் பொதைக்கக் குழி வெட்டினது அவனா?

அய்யோ.

கூட்டிட்டுப் போயிடுங்க. அவன் முரண்டு பிடிப்பான், கோச் இனிக்க இனிக்கப் பேசுவாரு. எதையும் காதுல வாங்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரி. இன்னொரு அடி பட்டா அவ்வளவுதாம்மா, அப்புறம் எந்திரிக்கவே மாட்டான்.

ஆட்டம் ஆரம்பிக்கப் போகுதேன்னு அவசரப்படாதீங்க. அவன உடனே இறக்க மாட்டாங்க. அதோ வாசல்ல ஒரு தாடிக்காரரு ஓடுறாரு பாருங்க, சாமான் பாக்குற ஹாங்க். எட்டாம் நம்பர் ஹெல்மெட்டத் தேடுறாரு. உங்க பையன் தலைக்கு வேற எதுவும் சேராது, தனியா வரவழைச்சது. நேத்து சாவியக் குடுக்குறதுக்கு முன்னாடி அதை எடுத்துட்டுப் போயி, ஊருக்கு வெளிய மாட்டுக் குட்டையில போட்டுட்டேன்.