மூணு மணி மருந்து

பொண்ணு இல்லம்மா, மருமக. எல்லாரும் இப்படித்தான் கேக்குறாங்க. சீட்டு எழுதுற பொண்ணு கூட போன மாசம், உங்க பொண்ணு அப்படியே உங்க ஜாடைன்னு சொன்னா. ஜாடை எங்கேர்ந்து வரும்? அவ எங்க வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகுது. ஒரே சமையல், ஒரே தண்ணி, அதுல ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கும்.

உக்காருங்க, உக்காருங்க. பை இருக்கட்டும், நான் மடியில வெச்சுக்கறேன். உங்களுக்கும் மருந்து விட்டாச்சா? கொஞ்சம் எரியும். கண்ண மூடிக்கிட்டே கேளுங்க. எனக்கு வாய் சும்மா இருக்காது. அவ உள்ள டெஸ்ட்டுல இருக்கா. ஒரு பொட்டிக்குள்ள முகத்த வெச்சுக்கச் சொல்றாங்க. அங்கங்க புள்ளி புள்ளியா வெளிச்சம் வருமாம், தெரிஞ்சா கையில இருக்கற பட்டன அமுக்கணும். அந்தக் கதவுகிட்ட நின்னா டிக் டிக்னு சத்தம் கேக்கும். போன தடவ அங்கதான் நின்னேன். பாதி நேரம் சத்தமே இல்ல. வெளிச்சம் வரலையா, வந்தும் இவளுக்குத் தெரியலையா, வெளிய நிக்கறவளுக்கு எப்படிப் புரியும்? அதான் இன்னிக்கு இவ்வளவு தள்ளி வந்து உக்காந்துட்டேன்.

உங்களுக்கு என்ன, சர்க்கரையா? பார்வை நல்லாத்தானே இருக்கு? நல்லா இருக்கும்போதே வருஷா வருஷம் வந்து காட்டுறீங்களா! கெட்டிக்காரிம்மா நீங்க. கோவிச்சுக்காதீங்க, ஒரு வருஷம் முன்னாடின்னா உங்களப் பாத்து சிரிச்சிருப்பேன். பாரு, வீட்டுல பொழுது போகலபோல, ஆஸ்பத்திரிக்கு வந்து உக்காந்திருக்குன்னு சொல்லியிருப்பேன். எங்க வீட்டுல கண்ணுக்குன்னு டாக்டரப் பாத்தது எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அதுவும் புரை முத்திப் போயி, பக்கத்து வீட்டம்மாவ நான்னு நெனச்சு நாலு திட்டு திட்டினதுக்கு அப்புறம்தான். அந்தம்மாவும் பதிலுக்குத் திட்டியிருக்கு. குரலு வேறயா இருக்கேன்னு அப்பதான் மனுஷனுக்கு உறைச்சுது.

இவளுக்குப் புரை இல்லம்மா. அழுத்தம். கண்ணுக்குள்ள அழுத்தம். உடம்புக்கு ரத்த அழுத்தம் இருக்கற மாதிரி கண்ணுக்கும் ஒண்ணு இருக்காமே, யாருக்குத் தெரியும்? கிளாக்கோமான்னு பேரு. இவளுக்கு வந்திருக்கற வகைன்னா வலிக்காது, சிவக்காது, பூளை தள்ளாது. ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டு வரும். நேராப் பாக்குறது மட்டும் கடைசி வரைக்கும் தெளிவா இருக்கும். அதுலதான் நாங்க எல்லாரும் ஏமாந்தோம்.

இடது கண்ணு போயாச்சு. வலதுல நடுவுல ஒரு வட்டம் மிச்சம் இருக்கு, அவ்வளவுதான். இன்னிக்கு டெஸ்ட்டுல அந்த வட்டம் அப்படியே இருந்தா மருந்துலயே நிறுத்திடலாமாம். சுருங்கியிருந்தா ஆபரேஷன். அது பண்ணாலும் போனது வராது, இருக்கறதக் காப்பாத்திக்கத்தான். டாக்டர் இத ரெண்டு தடவ சொன்னாரு. நான்தான் மறுபடி மறுபடி கேட்டேன், வேற பதில் ஏதாவது வருமான்னு.

முப்பது வயசு கூட ஆகலம்மா அவளுக்கு.

ஒரு பேத்தி இருக்கா. இன்னும் மூணு முடியல. பக்கத்துல வந்து நின்னு துணியப் புடிச்சு இழுத்தா இவ திடுக்குன்னு பயந்து போயிடுவா. ஒரு தடவ கையில சுடுதண்ணியோட திரும்பிட்டா, நல்லவேளை குழந்தை மேல படல. இப்ப அந்தக் குழந்தை என்ன பண்ணுது தெரியுமா? அம்மாகிட்ட ஏதாவது வேணும்னா ஒரு சுத்து சுத்தி வந்து, நேர் எதிர்க்க நின்னுட்டுதான் கூப்பிடுது. யாரும் சொல்லிக் குடுக்கல. 

எப்படிக் கண்டுபிடிச்சோமா? எங்க கண்டுபிடிச்சோம்! நானும் அவளும் ஒரே சட்டைக் கம்பெனி. நான்தான் அவளச் சேத்துவிட்டேன். செக்கிங் மேசை. தைச்சு வர்ற சட்டையில நூல் நீட்டிட்டிருக்கா, கறை இருக்கா, தையல் விட்டிருக்கான்னு பாத்துத் தள்ளணும். இவ கண்ணுல படாம ஒரு எறும்பு போகாது, அப்படிப் பாப்பா. திடீர்னு இவ பாத்த சட்டையெல்லாம் திரும்பி வர ஆரம்பிச்சுது. ஓரத்துல கறை, கைப்பக்கம் கறை. கவனம் இல்லன்னு சூப்பர்வைசர் திட்டினான். வீட்டுல கதவு நிலையில தோள இடிச்சுப்பா. வெளிய வெச்ச வாளிய ஒதைப்பா. என் பையன், நடக்கும்போது எங்கடி யோசனைன்னு கேப்பான். அவன் லாரி ஓட்டுறான். வீட்டுல இருக்கற நாலு நாளும் கேலிதான். கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க சுவத்துல எழுத்து வெச்சிருப்பாங்கல்ல, மேலேர்ந்து கீழ வரைக்கும் கடகடன்னு படிச்சுட்டா. கடைக்காரர், உங்க மருமக கண்ணு ஃபர்ஸ்ட் கிளாஸ், நீங்க வேணும்னா ஒரு கண்ணாடி போட்டுக்கங்கன்னு சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சுட்டு வந்துட்டோம். அதுக்கப்புறம் எட்டு மாசம் போச்சும்மா. எட்டு மாசம்.

இல்ல இல்ல, குடும்பத்துல யாருக்கும் இல்ல. டாக்டரும் அதத்தான் முதல்ல கேட்டாரு. இவளோட அம்மா, அப்பா, அண்ணன் எல்லாரையும் வரவழைச்சுப் பாத்தாரு. எல்லாருக்கும் சரியா இருந்துச்சு. அப்புறம்தான், கண்ணுக்கு ஏதாவது மருந்து விடுவியாம்மான்னு கேட்டாரு. விடுவேன் சார்னா. எவ்வளவு நாளா? மூணு வருஷமா. அவரு பேனாவக் கீழ வெச்சுட்டாரு.

அது பெரிய கதை. செக்கிங் மேசை இருக்கே, தலைக்கு மேல வரிசையா டியூப்லைட்டு, கீழ வெள்ளைச் சட்டை, காத்துல பஞ்சு. மதியத்துக்கு மேல எல்லாருக்கும் கண்ணு ரத்தம் மாதிரி ஆயிடும். சூப்பர்வைசர் பாத்தான்னா, கண்வலி, மத்தவங்களுக்கு ஒட்டிக்கும்னு சொல்லி அப்பவே வீட்டுக்கு அனுப்பிடுவான். அந்த மேசைக்கு லீடரா ஒரு பொம்பள. நல்லவதான். பொண்ணுங்க மேல உசிரு. யாருக்கோ கண்ணு ஆபரேஷன் ஆனப்ப எழுதிக் குடுத்த சொட்டு மருந்து ஒண்ணு அவகிட்ட இருந்துச்சு. ஒரு நாள் ஒரு பொண்ணுக்கு விட்டுப் பாத்தா. பத்து நிமிஷத்துல எரிச்சல் போச்சு, சாயங்காலத்துக்குள்ள கண்ணு பளிச்சுனு ஆயிடுச்சு. அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டா. பத்து நாளைக்கு மட்டும்னு டாக்டர் எழுதின சீட்டு அது. அத பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சுக்கிட்டு மருந்துக் கடையில திரும்பத் திரும்பக் காட்டி வாங்குவா. அவனும் குடுத்துட்டே இருந்தான். தேதியப் பாக்கணும்னு அவனுக்கும் தோணல.

மூணு மணிக்கு மணி அடிச்சா எட்டு பொண்ணுங்களும் பெஞ்சுல வரிசையா உக்காந்து தலைய நிமித்திப்பாங்க. அந்த லீடர் ஒரு ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சு, கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டுட்டே போவா. குழந்தைங்களுக்கு விடுற மாதிரி கன்னத்தத் தட்டி, கண்ண மூடுன்னு சொல்லுவா. மத்த மேசைப் பொண்ணுங்க பொறாமைப்படுவாங்க, எங்க லீடர் இப்படிப் பாத்துக்க மாட்டேங்கறாளேன்னு. மூணு மணி மருந்துன்னே பேரு வெச்சுட்டாங்க.

ஸ்டீராய்டாம்மா அது. கொஞ்ச நாளைக்கு விட்டா மருந்து. வருஷக்கணக்கா விட்டா சில பேருக்கு உள்ள அழுத்தம் ஏத்தி நரம்பச் சாகடிச்சுடும். வெளிய பாத்தா கண்ணு முத்து மாதிரி இருக்கும்.

இதுல இன்னொண்ணு கேளுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி கம்பெனிக்கே கண் டாக்டருங்க வந்தாங்க. மிஷினெல்லாம் கொண்டுவந்து, எல்லாருக்கும் அழுத்தம் பாக்கறோம்னு. அன்னிக்குன்னு பாத்து சரக்கு லாரி வாசல்ல நிக்குது. இவ எந்திரிச்சுருக்கா. அந்த லீடர், உன் கண்ணுக்கு என்னடி குறை, பளிச்சுனு இருக்கு, கையில இருக்கற சட்டைக் கட்ட முடிச்சுட்டுப் போன்னு சொல்லியிருக்கா. கட்டு முடியறதுக்குள்ள டாக்டருங்க மூட்டை கட்டிட்டாங்க. அன்னிக்குப் பாத்திருந்தா ரெண்டு கண்ணும் தங்கியிருக்கும்னு இந்த டாக்டர் சொல்றாரு. அஞ்சு நிமிஷ வேலையாம்.

மத்தவங்களா? அந்த மருந்த வேற யாராவது விட்டிருந்தா உடனே வரச் சொல்லுன்னு டாக்டர் சொன்னாரு. மத்த ஏழு பேரையும் தேடி வீடு வீடாப் போனேன். அஞ்சு பேர் வந்து பாத்துட்டாங்க. ரெண்டு பேருக்கு ஏறியிருக்கு, ஆனா நிறுத்திடலாமாம். ஒருத்தி விஷயத்தக் கேட்டுட்டு என் மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்திட்டா. அவளும் மறுநாள் போய்க் காட்டிட்டா, அது போதும். இன்னும் ஒருத்தி வேலைய விட்டுட்டு எங்கயோ போயிட்டா. அவ போன் நம்பர் போகல. தினமும் ஒரு தடவ போட்டுப் பாக்கறேன். அவ பாட்டுக்கு எங்கயோ அந்த மருந்த வாங்கி விட்டுட்டிருப்பாளோன்னு நெனச்சா சோறு எறங்கல.

என் பையனுக்கா? அவனுக்கு இந்த லீடர் கதையெல்லாம் தெரியாது. மருந்து யாரு குடுத்தான்னு டாக்டர் கேட்டப்ப, நானே கடையில வாங்கினேன் சார்னு சொல்லிட்டா இவ. நான் பக்கத்துலதான் நின்னேன். தலையக் கூட திருப்பல. பையன் லாரியிலேர்ந்து எறங்கி வந்து குதிக்கிறான், கண்டதையும் வாங்கி விட்டுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டியேடி, உனக்கு அறிவு இருக்கான்னு. அவ பாட்டுக்குக் குழந்தைக்குத் தலை வாரிட்டிருந்தா. அழுத்தி அழுத்தி வாரினா, குழந்தை வலிக்குதுன்னு கத்துச்சு. நானும் அங்கதான் நின்னுட்டிருந்தேன்.

சொல்லியிருக்கணும். ஆமாம்மா. அவ வாங்கலடா, இன்ன பொம்பளதான் விட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஒவ்வொரு தடவ அவன் வரும்போதும் இன்னிக்குச் சொல்லிடலாம்னு நெனைப்பேன். காலையில டீ குடுக்கும்போது சொல்லலாம், ராத்திரி சாப்பிட்டதும் சொல்லலாம். அதுக்குள்ள அவன் லாரி கிளம்பிடும். இவளும் கேக்க மாட்டேங்கறா. ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது கத்தித் தொலைச்சான்னா பரவாயில்ல. தினமும் நாலு வேளை இந்த டாக்டர் எழுதின மருந்துக்குத் தலைய நிமித்திட்டு உக்காந்துக்கறா. நான் விடுற சொட்டு கன்னத்துல விழுந்துடுது. மெதுவா விடுங்க அத்தை, அவசரம் இல்லன்னு அவ எனக்குச் சொல்றா.

அந்தப் பொம்பளயா? அவ கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அவ ஒரு சொட்டு கூட விட்டுக்கிட்டதில்ல, கண்ணு சிவந்தாத்தானே. இங்கயே டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க, அழுத்தமெல்லாம் அளவா இருக்காம். நூறு வயசு வரைக்கும் நல்லாத் தெரியுமாம். டாக்டர் ஏதோ பரிசு குடுக்கற மாதிரி சொன்னாரு.

திட்டுங்க, நல்லாத் திட்டுங்க. அவள நேர்ல பாத்தா நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேப்பீங்களா?

கேளுங்கம்மா. கண்ணு கூசுனாலும் பரவாயில்ல, தொறந்து என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. என் மருமக வெளிய வர்றதுக்குள்ள கேட்டுடுங்க.