பதினாறு லைப்ரரி

பூந்தமல்லியில் ஏறிய பேருந்தில், என் முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். கண்ணாடி போட்டவள் லேப்டாப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நம்ம ஜாவா வெப்சைட்ல, வேற யாரோ எழுதி வெச்ச ரெடிமேட் கோட், பதினாறு லைப்ரரி சேத்திருக்கோம். அதுல நாலு எதுக்குன்னுதான்டி எனக்குத் தெரியும்.”

“தெரியாதத எடுத்துடு.”

“எடுத்தா லாகின் பேஜே வரமாட்டேங்குது.”

“லிஸ்ட் குடுத்த சீனியரக் கேட்டியா?”

“அவன் அவனோட சீனியர்கிட்ட வாங்கினானாம். மொதமொதல்ல அந்த லிஸ்ட எழுதினது, நம்ம காலேஜ்ல அப்போ படிச்ச ஒருத்தர். இன்னிக்கு வைவா எடுக்கற சார்தான்.”

தோழிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“அப்ப நம்மள ஏன் கேக்கப்போறாரு? அவருக்கே தெரியுமே.”

“வருஷா வருஷம் மொத கேள்வியே ‘எந்த லைப்ரரி எதுக்கு’ங்கறதுதானாம்.”

வேலப்பன்சாவடி வந்தது. லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தாள்.

“யாராவது ஒருத்தர் சொல்லிட மாட்டாங்களான்னு கேக்கறாரோ என்னமோ.”