பேர் சொல்லித் திட்டியவர்

வேதகிரி: ...அப்பறம் அந்த யுனிவர்சிட்டி கமிட்டிக்காரரு கண்ணாடிய கழட்டினாரு. 'இத்தினி கட்டுரை போட்டுக்கீறீங்களே, வெளியில ஒருத்தனாவது உங்க காலேஜ் ஆராய்ச்சிய எடுத்து எழுதிக்கீறானா?'ன்னாரு.

தேவகி: நீங்க இன்னா சொன்னீங்க?

வேதகிரி: இன்னாத்த சொல்றது? இல்லன்னா காலேஜ்ல என் நத்தை ஆராய்ச்சி ரூமு சைக்கிள் ஸ்டாண்டாயிடும். பிரின்சிபாலு அளந்தே வெச்சிட்டாரு.

தேவகி: ஐயையோ... ரூமு போச்சா?

வேதகிரி: இரு, இரு. 'ஒருத்தர் எழுதிக்கீறாரு சார்'னு ஆராய்ச்சிப் பத்திரிகைய நீட்டினேன்.

தேவகி: ...அத பாத்துட்டீங்களா?

வேதகிரி: பாக்காம? உத்திரமேரூர் ஏரியில வேதகிரி கண்டுபுடிச்ச புது நத்தை புதுசே இல்ல, பழைய நத்தையோட குட்டின்னு போட்டுக்கீது.

தேவகி: கோவமா?

வேதகிரி: எதுக்கு? திட்டினாலும் பேர் சொல்லித்தானே திட்டிக்கீறாரு! கமிட்டி 'ஒண்ணு'ன்னு எழுதிக்கினாங்க. ரூமு பொழச்சிது.

தேவகி: அப்பாடா! கை கழுவினு வாங்க, சாப்பாடு ஆறுது.

வேதகிரி: எழுதினவரு டி. ஏகாம்பரம். திருப்புலிவனம்.

தேவகி: அங்க எத்தினியோ ஏகாம்பரம்...

வேதகிரி: எனக்குத் தெரிஞ்சி ஒருத்தருதான். என் மாமனாரு. மூணாங்கிளாஸோட ஏர் புடிச்சவரு, எப்ப இங்கிலீஷ்ல நத்தைய புடிச்சாரு?

தேவகி: எங்கப்பாவ கிண்டல் பண்ணலன்னா உங்களுக்கு சோறு எறங்காது.

வேதகிரி: குட்டிய பித்தளை அண்டாவுல வுட்டு வளத்துப் பாத்தாராம். நம்ம அண்டா அங்க இன்னா பண்ணிக்கினு இருந்துச்சி?

தேவகி: ஈயம் பூச...

வேதகிரி: நாலு மாசமா?

தேவகி: ...சரி, நான்தான். நானும் விலங்கியல் எம்.எஸ்ஸி.தானே? தப்புன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வர்ல. தபால்காரர் வர்றப்பல்லாம் யாராவது நம்ம கட்டுரையப் பத்தி எழுதினாங்களான்னு வாசல்ல போயி நிப்பீங்க. பாக்க சகிக்கல. அதான், தப்பையும் சொல்லி, உங்க பேரையும் போட்டேன். அச்சுல வரும்னு சத்தியமா நெனக்கல. எந்தப் புண்ணியவான் சரின்னு சொன்னானோ...

வேதகிரி: ஏன்டி, இந்த நத்தையப் பத்தித் தெரிஞ்சவன் நாட்டுல எத்தினி பேரு? போடலாமான்னு எடிட்டர் எனக்குத்தான் அனுப்பிக் கேட்டாரு. ஊர் பேரப் பாத்ததுமே நீதான்னு தெரிஞ்சி போச்சி. 'தாராளமா போடுங்க, அந்த வேதகிரி சொன்னதுதான் தப்பு'ன்னு போன தையிலயே எழுதிப் போட்டுட்டேன்.