கணக்கு டீச்சரின் குரல்

பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையை நான் எப்போதும் பென்சிலில்தான் போடுவேன். யாருக்காவது சிரமம் என்றால் அழித்து மாற்றிக் கொடுக்கலாம், பாருங்கள். துணைத் தலைமையாசிரியராகப் பத்தொன்பது வருடம் ஆகிறது. ஓர் ஆசிரியர் நன்றாகப் பாடம் நடத்துவது அவருடைய பட்டத்தால் மட்டுமில்லை. கிடைக்கும் அறை, நேரம், ஓய்வு, கூட இருப்பவர்களின் முகம், இவற்றாலும்தான். விசாரணைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு டீச்சர் வந்த முதல் வருடமே அவர் வகுப்பில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. வினாத்தாள் ஏதும் வெளியே போகிறதா என்று, அவர் இல்லாத நேரம் பார்த்து அவர் பையைத் திறந்தேன். விடைத்தாள் கட்டும் இருமல் மருந்தும் இருந்தன. பிறகு மூன்று வாரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். குறை அகப்படவில்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது.

அடுத்த வருடம் நான் கணக்கு எடுக்கும் வகுப்பிலிருந்து பதினோரு பேர் அவர் பிரிவுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதில் என் தங்கை மகளும் ஒருத்தி.

அந்த வாரம்தான் டீச்சர் மருத்துவர் கடிதத்தோடு வந்தார்.

"தொண்டையில கட்டி சார். சத்தமாப் பேசவே கூடாதாம். அமைதியான ரூமா ஒண்ணு குடுங்க, பீரியடைக் கொஞ்சம் குறைச்சா போதும்."

"அதுக்கென்ன டீச்சர், நான் பார்த்துக்கறேன். கவலைய விடுங்க."

பார்த்துக்கொண்டேன். மர அறுவைப் பட்டறைக்கு ஒட்டிய தகரக் கூரை அறையை ஒதுக்கினேன். இரண்டு பிரிவுகளைச் சேர்த்து அறுபத்திரண்டு பிள்ளைகள். ஓய்வு நேரங்களிலெல்லாம் வராத ஆசிரியர்களின் வகுப்புகள். கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் காட்டவில்லை; கேட்டுப் பார்த்தேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். "தொண்டை வலின்னு சாக்கு சொல்றாங்க" என்று ஓவிய ஆசிரியரிடம் மட்டும் சொன்னேன். அவர் வாயில் எதுவும் தங்காது. மறுநாளே ஆசிரியர் அறையில் டீச்சர் பக்கத்து நாற்காலி காலியானது.

ரம்பச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி நடத்தினார். நான் வராந்தாவில் நின்று கேட்பேன். மூன்றாம் மாதம் குரலுக்குப் பதில் காற்று மட்டும் வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதுவும் இல்லை. திரும்பி வந்தவர் ஒரு தாளில், "எனக்காக முயற்சி செய்ததற்கு நன்றி சார்" என்று எழுதி நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

ஆமாம், அவர் குரல் போகும் என்று தெரிந்தேதான் செய்தேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே அறையில், வாயே திறக்காமல், கரும்பலகையில் எழுதி எழுதியே வருடத்தை முடித்தார். அப்போதும் ஒருவர்கூடத் தோற்கவில்லை. நீங்களே சொல்லுங்கள், இது நம்புகிற மாதிரியா இருக்கிறது? நான் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு?